குட்டி மனிதர்களுக்குத் தொப்பி: எபாக்ஸி புட்டியுடன் சில ஆண்டுகள்

மாதிரி ரயில் அமைப்பில் 1910 வாக்கிலான ஆங்கிலேய நிலையம் ஒன்றைக் கட்ட முனைந்தால், எஞ்சினையும் பெட்டிகளையும் விட நடைமேடையில் நிற்கும் மனிதர்களே அதிகம் சோதிப்பார்கள். அக்காலத்தில் வெறுந்தலையோடு வெளியே வந்தவர்கள் மிக அரிது. கடையில் கிடைக்கும் உருவங்களில் பலவோ பிற்காலத்தவை. ஆகவே தலையை மட்டும் மாற்றி அவற்றைப் பழைய காலத்துக்கு அனுப்பும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

1:76 அளவில் ஓர் அடி என்பது 4 மில்லிமீட்டர். பவுலர் எனும் உருண்டையான கடினத் தொப்பியின் குவிந்த பகுதிக்குக் கடுகளவு எபாக்ஸி புட்டி (இரு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் தானாக இறுகும் களிமண் போன்ற பொருள்) போதும். வேல்ஸில் தயாராகும் மில்லிபுட்டின் சூப்பர்ஃபைன் வெள்ளை வகையைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறேன். இரு குச்சிகளிலிருந்தும் சம அளவு எடுத்துப் பிசைந்து, ஈரமான ஊசியின் பக்கவாட்டால் நீவினால் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். சில மணி நேரத்தில் இறுகியபின் உப்புத்தாளாலும் தேய்க்கலாம். கிரீன் ஸ்டஃப் என்ற மற்றொரு எபாக்ஸி புட்டி இறுகிய பிறகும் சற்று வளைந்து கொடுப்பதால் துணி மடிப்புகளுக்கு ஏற்றது. ஆனால் கூர்மையான ஓரத்தைத் தேய்த்து எடுக்க அது ஒத்துழைப்பதில்லை. அதன் நீல, மஞ்சள் பட்டைகள் ஒட்டியிருக்கும் நடுக்கோடு முன்னதாகவே இறுகத் தொடங்கிவிடும் என்பதால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் பிசைவது நல்லது.

உண்மையான சிக்கல் விளிம்பில்தான் இருக்கிறது. 0.13 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுகூட இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குச் சமம்; அவ்வளவு கனமான விளிம்புள்ள தொப்பியை எந்தக் கனவானும் அணிந்திருக்க மாட்டார். முழுத் தகட்டையும் மெலிதாக்க முயல்வது வீண் வேலை. கண்ணுக்குப் படும் ஓரத்தை மட்டும் அடிப்பக்கமிருந்து சாய்வாகத் தேய்த்தால் போதும். கோடைக்கால வைக்கோல் தொப்பியான போட்டர் இவ்வகையில் மிக எளிது: 4 மில்லிமீட்டர் வட்டத் தகடு, அதன்மேல் 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கம்பியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அரிந்த துண்டு, சுற்றிலும் கருநீலத்தில் ஒரு பட்டை. இதற்குப் புட்டியே வேண்டாம்.

தொப்பியைப் பொருத்துமுன் உருவத்தின் தலையை நெற்றி மட்டத்துக்கு அரத்தால் ராவிவிட வேண்டும். இல்லையெனில் தலையில் பானையைக் கவிழ்த்ததுபோல் இருக்கும். பிளாஸ்டிக் உருவத்தில் பிளாஸ்டிக் விளிம்பை ஒட்ட, பிளாஸ்டிக்கை இளக்கி இணைக்கும் திரவப் பசையே சிறந்தது. வெள்ளீய உலோகக் கலவை உருவங்களில் அது பிடிக்காது. சூப்பர் குளூதான் வழி. அந்தப் பசை காயும்போது சுற்றிலும் வெண்படலம் விடக்கூடும் என்பதால் வண்ணப்பூச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். தூய கறுப்பு இச்சிறு அளவில் ஓட்டை போலத் தெரியும். அடர்சாம்பல் நிறமே கறுப்பாகக் காட்சியளிக்கிறது.

நீடித்து உழைத்த விதத்தைச் சொல்வதானால், புட்டியில் செய்தவற்றில் வெடிப்போ சுருக்கமோ இதுவரை இல்லை. தாளில் வெட்டிய விளிம்புகள் மழைக்காலத்தில் சுருண்டுவிட்டன. சூப்பர் குளூவில் ஊறவைத்த மெல்லிய தாள் மட்டும் நிலைத்தது. தோளை விட அகன்ற அக்காலப் பெண்கள் தொப்பிகளுக்கு இன்றும் அதையே நம்புகிறேன். 113 கிராம் புட்டிப் பொட்டலம் இந்த வேலைக்கு மிக அதிகம். பிரித்த குச்சிகளின் மேற்பரப்பு நாளடைவில் தோலாக இறுகும். அதைச் சீவிவிட்டு உள்ளிருப்பதை எடுக்கலாம்.

1:148 எனும் இன்னும் சிறிய அளவில் அமைப்பவர்களுக்கு இந்தப் புட்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். அங்கே தலைமேல் வைக்கும் ஒரு சொட்டுக் கெட்டியான பெயின்ட்டே தொப்பியாகிவிடும்.