பழைய பிக்கப்பில் பிரேக் வேலை: கிட் போடுவதா, புதுசா மாற்றுவதா?

பின் டயரின் உள்பக்கம் ஈரம் வழிந்திருந்தால் முதல் சந்தேகம் வீல் சிலிண்டர் மேல்தான் (ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை). சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைக் கழற்றி, சிலிண்டர் முனையில் இருக்கும் ரப்பர் உறையை லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் கசிவு உறுதி. இனி ரப்பர் கப்புகளை மட்டும் கிட் வாங்கி மாற்றுவதா, சிலிண்டரையே மாற்றுவதா என்பதுதான் பாக்கி.

அதைச் சிலிண்டரின் உள்சுவரே சொல்லிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் வார்ப்பிரும்பை அரித்துக் குழி பறிக்கும். பிஸ்டன்களை எடுத்துவிட்டு, உள்ளே துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் கறை என்றால் லேசாக ஹோனிங் செய்து, அதாவது தேய்ப்புக்கல்லால் உள்சுவரை மெருகேற்றி, கிட் போட்டுவிடலாம். நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் புது கப்பும் சீக்கிரமே கசியும். குழி போகட்டும் என்று மேலும் மேலும் தேய்த்தால் துளை அகன்று கப் இறுகப் பிடிக்காது. என் ஓட்டு புது சிலிண்டருக்கே. கழற்றி மாட்டும் பாடு இரண்டுக்கும் ஒன்றுதானே! புதுசு கிடைக்காத பழைய மாடல் என்றால், லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் (புது உட்குழாய்) அடித்து, அதில் கிட் போடலாம்.

சிலிண்டரை எடுக்கும்போது அதற்கு ஆயில் கொண்டுவரும் பைப்பும் அதன் நட்டும் துருவில் ஒட்டிக்கொண்டு, பைப் முறுக்கி ஒடிவது வழக்கம். அங்கே அடுத்த போட்டி. இரும்பு பைப் உறுதியானது, ஆனால் மறுபடி துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவுக்கு அஞ்சாது. ஆனால் கடினம் என்பதால் ஃப்ளேர் (பைப் முனையை விரித்துச் செய்யும் வாய்) சரியாக விழாமல் நட்டுப் பக்கம் கசிந்து உயிரை வாங்கும். தாமிர-நிக்கல் கலவை பைப் கையாலேயே வளையும், ஃப்ளேர் சுத்தமாக விழும், துருவும் பிடிக்காது. வீட்டில் வைத்துச் செய்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. வெறும் தாமிரக் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

பெடலை மிதித்தால் ஆயிலை எல்லாச் சக்கரங்களுக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் நான் பட்ட அனுபவம் ஒன்று. ஏர் எடுக்கும்போது, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதித்தேன். வழக்கமாகப் பிஸ்டன் போகாத கடைசிப் பகுதியில் துரு இருந்திருக்கிறது. அதில் உரசிச் சீல் கிழிந்துபோனது. வண்டி நிற்கும்போதே பெடல் மெல்லக் கீழே இறங்கியது. அன்றிலிருந்து பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்காமல் ஏர் எடுப்பதில்லை. மாஸ்டருக்குக் கிட் என்ற பேச்சும் என்னிடம் இல்லை.

தேய்ந்த டிரம்மை லேத்தில் கடைவதா, மாற்றுவதா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதைத் தாண்டும் என்றால் புதுசுதான்.

பிரேக் ஆயிலை டாட் என்ற தர எண்ணால் பிரிப்பார்கள். டாட் 3 ஈரம் ஏறாத புது நிலையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. சுமை ஏற்றுபவர் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலந்தாலும் பாதகமில்லை. சிலிக்கான் வகையான டாட் 5 இவற்றோடு சேராது.

பின் ஆக்சிலில் சுமை வால்வு (சுமைக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) உள்ள வண்டியா? ஆக்சில் தொங்கும்படி ஜாக்கி போட்டு ஏர் எடுக்காதீர்கள். வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துப் பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும், ஏர் முழுதாக வெளியே வராது.