கல்லறைக்கு மேல் ஒரு காபி: லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்து உணவகம்

ட்ரஃபால்கர் சதுக்கத்தில் மழையில் மாட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட கண்ணாடி வாசலில் நுழைந்து படியிறங்கினால், செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தின் நிலவறை! அங்கேதான் கஃபே இன் த க்ரிப்ட். தட்டை நாமே எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு செங்கல் வளைவுகளுக்குக் கீழே உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். யாரோ ஒருவர் பெயர்மேல் கால் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? கொஞ்ச நேரம் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தேன், அப்புறம் சூப் ஜெயித்துவிட்டது.

1726-இல் கட்டி முடித்த கட்டடம் இது, பராமரிப்புக்கு உண்டியல் மட்டும் போதாது. அதனால் 1987-இல் அப்போதைய பாதிரியார் வியாபாரத்தையே உள்ளே கொண்டுவந்தார். உணவகம், கடை, கச்சேரி எல்லாவற்றின் லாபமும் தேவாலயத்துக்கே போகிறது. வீடற்றவர்களுக்கான தொண்டு நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது, கண்டோனீஸ், மாண்டரின் மொழிகளிலும் ஆராதனை நடக்கிறது. 1959-இல் இங்கே முதல் கச்சேரி நடத்திய இசைக்குழு இந்தத் தேவாலயத்தின் பெயரையே சுமந்துகொண்டு உலகம் சுற்றுகிறது.

கோயிலுக்குள் கல்லாப்பெட்டியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்குச் சரி என்றே படுகிறது, பூட்டிக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். போனால் மதியக் கச்சேரி இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.