ஒரே ஆறு, இருவகைக் காவல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கனிசன் ஆறு குடைந்த பள்ளத்தாக்கின் பொது நிலங்களைக் காக்க, 1999 அக்டோபரில் இயற்றப்பட்ட ஒரே சட்டம் இருவேறு ஏற்பாடுகளைச் செய்தது. 1933 முதல் தேசிய நினைவுச் சின்னமாக இருந்த பிளாக் கேன்யன் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது; ஆற்றோட்டத்தில் அதற்குக் கீழே உள்ள கனிசன் கார்ஜ், தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பூங்காவைத் தேசியப் பூங்காச் சேவையும், பாதுகாப்புப் பகுதியை நில மேலாண்மைப் பணியகமும் நிர்வகிக்கின்றன. இரண்டும் பொது நிலங்களைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறையின் கீழேயே இயங்கினாலும், நோக்கில் வேறுபாடு பெரிது. சுமார் 2,250 அடி உயரச் செங்குத்துப் பாறைச்சுவரைக் கொண்ட பூங்காவில், இயற்கையை உள்ளவாறே விட்டுவைப்பதே முதற்கடமை; அங்கு வேட்டைக்கு இடமில்லை, மேய்ச்சலும் முன்பே அனுமதி பெற்றிருந்தவர்களோடு படிப்படியாக முடிவுக்கு வர வேண்டியது. பாதுகாப்புப் பகுதியிலோ வேட்டை, மேய்ச்சல், ஒதுக்கப்பட்ட திடல்களில் கரடுமுரடான பாதை வாகன ஓட்டம் ஆகியவை தொடர்கின்றன. ஆனால் புதிய சுரங்க உரிமை கோர முடியாது. மீன்பிடிப்பு மட்டும் இரண்டிலும் உண்டு.

பூங்கா என்ற பெயருக்குள்ள ஈர்ப்பு பாதுகாப்புப் பகுதிக்கு இல்லை என்பது உண்மைதான். எனினும், தலைமுறைகளாக அந்நிலத்தில் கால்நடை மேய்ப்பவர்களை வெளியேற்றாமலே சுரங்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு, எதிர்ப்பு வலுவாக உள்ள இடங்களில் எளிதில் நிறைவேறக்கூடியது என்றே கருதுகிறேன். அதன் பலவீனம், ஒவ்வொரு பாதுகாப்புப் பகுதியின் விதிகளும் அதற்கென இயற்றப்பட்ட சட்டத்தின் வாசகத்தைப் பொறுத்தே அமைகின்றன என்பதாகும்.