ரயிலில் பார்த்தவரைத் தேடித் தருவதாகச் சொல்லும் செயலியிடம் நான் ஏமாந்த கதை

தினமும் ஒரே ரயிலில் நாம் பார்க்கும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து அறிமுகம் செய்துவைப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலிக்கு மூன்று மாதங்கள் சந்தா கட்டி நான் ஏமாந்தேன். பணம் போனது ஒருபுறம் இருக்க, என் பேர்கூட அறியாத ஒரு பெண்ணுக்கு என்னால் ஏற்பட்ட தொல்லைதான் இதை எழுதவைக்கிறது. செயலியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வருவது இவர்களுக்குப் பெரிய காரியமில்லை என்பதால், ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வதே உங்களுக்கு உதவும்.

காலை 8.10 மணி ரயிலின் மூன்றாவது பெட்டியில் ஐந்து மாதங்களாக அந்தப் பெண்ணைப் பார்த்துவந்தேன். ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனாலும் அவர் வராத நாளில் பெட்டியே வெறிச்சோடியதுபோல் இருக்கும். இப்படி அடிக்கடி கண்ணில் பட்டும் பேசிக்கொள்ளாதவர்களுக்கு ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1972-இல் ‘பழகிய அந்நியர்’ என்று பெயர் வைத்தார் என்பதையும், திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே ஒன்றின்மேல் விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸயன்ஸ் என்ற இன்னோர் உளவியலாளர் 1968-இலேயே எழுதியிருந்தார் என்பதையும் எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் மட்டும் அறிவு வந்திருக்குமா என்பது வேறு விஷயம். கண்ணுக்குப் பழகிப்போனதை, இரண்டு பக்கமும் இருக்கும் நேசம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தச் செயலி பிழைப்பு நடத்துவதே இந்த மயக்கத்தை வைத்துத்தான்.

பதிவு செய்வது இலவசம். எந்தத் தடம், எத்தனை மணி ரயில், எந்தப் பெட்டி, அவர் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், என்ன உடுத்துகிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று படிவம் வரிசையாகக் கேட்டது. காதலிப்பவனுக்கே உரிய கவனத்தோடு அத்தனையையும் நிரப்பினேன். அவர் தோளில் எப்போதும் நீண்ட நீல உறை ஒன்று தொங்கும். அதைப் புல்லாங்குழல் உறை என்று எழுதினேன். இரண்டாம் நாளே, ‘நீங்கள் விவரித்தவர் உங்களுக்குப் பதில் அனுப்பியிருக்கிறார்’ என்று அறிவிப்பு வந்தது. செய்தி மங்கலாக்கப்பட்டிருந்தது. படிக்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். கட்டினேன்.

“புல்லாங்குழல் வகுப்புக்குப் போகும் வழியில்தான் உங்களைப் பார்ப்பேன், நீங்களாகப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன்” என்று எழுதியிருந்தது. அடுத்த வாரங்களில் வந்த செய்திகளிலும் மூன்றாவது பெட்டி, நீல உறை, சன்னலோர இருக்கை என்று நான் படிவத்தில் எழுதியவைதான் வேறு வேறு வரிசையில் வந்தனவே தவிர, எனக்குத் தெரியாத புதிய தகவல் ஒன்றுகூட இல்லை. நான் கொடுத்ததையே எனக்குத் திருப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு செய்திக்குப் பதில் எழுதினால் அடுத்ததைத் திறக்கக் கூடுதல் கட்டணம், புகைப்படத்தைப் பார்க்கத் தனிக் கட்டணம் என்று போனது. நேரில் பேசலாமா என்று கேட்டபோதெல்லாம், “ரயிலில் வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இங்கேயே பேசுவோம்” என்ற பதிலே வந்தது.

அந்தத் துணிச்சலில் ஒரு நாள் பெட்டிக்குள் அவரைப் பார்த்துத் தெரிந்தவனைப்போலச் சிரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்சம் என்று நினைத்தேன். மறுநாளும் சிரித்து, தலையசைத்து, பக்கத்தில் போய் நின்றேன். அதற்கடுத்த நாள் அவர் ஐந்தாவது பெட்டிக்கு மாறியிருந்தார். நானும் அந்தப் பெட்டிக்கே போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று கூட்டத்தில் அவருடைய நீல உறை ஒரு முதியவரின் தோளில் இடித்துவிட, “மன்னியுங்கள் ஐயா, உள்ளே கட்டட வரைபடங்கள் இருக்கின்றன, மடிக்க முடியாது” என்று அவரிடம் சொன்னார். புல்லாங்குழலும் இல்லை, வகுப்பும் இல்லை. நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். கண்ணில் பயத்தோடு அவர் என்னைப் பார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். விதிமுறைகளின் உள்ளே எங்கோ, ‘பயனர்களின் அனுபவத்தை மேம்படுத்தச் சில உரையாடல்களை எங்கள் குழுவினரே நடத்தலாம்’ என்று ஒரு வரி இருப்பதாகவும், அதை நான் ஏற்றுக்கொண்டதால் பணம் திரும்பாது என்றும் பதில் வந்தது. இது புதிய தந்திரமும் அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேடிஐ டேட்டிங் என்ற நிறுவனம் தன் தளங்களில் போலிப் பயனர்களின் பெயரில் செய்தி அனுப்பி, பதில் எழுதப் பணம் கட்டவைத்தது என்றும், கேட்காமலே சந்தாவைப் புதுப்பித்தது என்றும் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டிய வழக்கு, 2014-இல் 6,16,165 டாலர் திருப்பித் தரும் உடன்பாட்டில் முடிந்தது. அங்கே போலிக் கணக்குகளுக்கு அடையாளமாக இருந்தது ஒரு சிறிய சின்னம் மட்டுமே. எனக்கு அதுகூட இல்லை.

கோபத்தில் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதமும் பணம் எடுத்தார்கள். செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது. எந்தக் கணக்கின் வழியாகப் பணம் கட்டினீர்களோ, அதன் சந்தாப் பக்கத்துக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யும் முன் செய்திகளையும் கட்டண விவரங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மூடிய பிறகு அவை கிடைப்பதில்லை. நான் எடுத்துவைக்கவில்லை, அதனால் வங்கியிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒரு பெண் எத்தனை மணிக்கு எந்தப் பெட்டியில் ஏறி எங்கே இறங்குகிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அந்த விவரங்களை அழிக்கச் சொல்லி மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. சென்ற வாரம் நண்பர் ஒருவர் புதுக் கணக்கு தொடங்கி அதே தடத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தார். ‘உங்கள் ரயிலில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள்’ என்ற பட்டியலின் முதல் வரியில், 8.10 மணி ரயில், மூன்றாவது பெட்டி, நீல உறையில் புல்லாங்குழல் வைத்திருக்கும் பெண் என்று இருந்தது.