புரோட்டோன் சாகா மாடல் கார் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: "கூரியர்தான் உடைத்தது" என்றால் நம்பாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாடல் கார் சேர்ப்பவர்களுக்கும், "அப்பா ஓட்டிய காரை அப்படியே செய்து தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனசு இளகி நிற்பவர்களுக்கும் இந்தப் பதிவு. 1985 ஜூலையில் வெளிவந்த முதல் சாகா, தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார். அந்தப் பாசத்தை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு குடும்பம் ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தது. 1:24 அளவு (உண்மைக் காரில் 24-இல் ஒரு பங்கு), மெரூன் நிறம், பேராக் நம்பர் பிளேட், அக்ரிலிக் பெட்டியோடு 680 ரிங்கிட். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று. வந்த மாடலில் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பானெட்டில் வட்ட வட்டமாகத் தழும்பு, கண்ணாடிகளில் வெள்ளைப் புகை, பெட்டிக்குள் கார் தனியாக உருண்டுகொண்டிருந்தது. விற்றவரிடமிருந்து வந்த ஒரே பதில்: "கூரியர்காரன் போட்டுவிட்டான், அவனிடம் கேளுங்கள்." மாடலைக் கழற்றி ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தோம். இதில் கூரியருக்குப் பங்கு மிகக் குறைவு.

முதலில் கூரைத் தூண்கள். கீழே விழுந்த மாடலில் தூண் முறியும்; முறிந்த இடம் வெள்ளையாக, கூர்மையாக இருக்கும். இதில் ஒரு தூணும் முறியவில்லை, எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. அது சூடு செய்த வேலை. உட்புறத்தைச் சுரண்டிப் பார்த்தால் 3டி பிரிண்டரில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக். சுமார் 60 பாகை செல்சியஸிலேயே பிஎல்ஏ இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் மதியச் சூட்டில், மேலே இரண்டு பார்சல் ஏறினால் 2 மி.மீ. தூண் தாங்காது. நம் நாட்டில் அஞ்சலில் போகும் மாடலுக்கு பிஎல்ஏ உடல் ஆகவே ஆகாது. ரெசின் பிரிண்ட் (திரவப் பிசினை ஒளியால் கெட்டிப்படுத்தி எடுப்பது) எவ்வளவு சூடு தாங்கும் என்பது ரெசின் வகையைப் பொறுத்தது. அதையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, யூவி விளக்கில் முழுமையாகக் கெட்டிப்படுத்தாவிட்டால், சில மாதத்தில் பிசின் கசிந்து பெயிண்டைக் கிளப்பும். எது என்று போட்டோவிலேயே ஓரளவு தெரியும். கூரையின் வளைவில் தேயிலைச் சரிவுபோல் அடுக்கடுக்காக மெல்லிய கோடுகள் ஓடினால், அது பெரும்பாலும் இழையை உருக்கி எடுத்த பிரிண்ட், சரியாகத் தேய்க்கவும் இல்லை.

அடுத்தது பெயிண்ட். பானெட்டில் இருந்த வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. பபுள் ராப்பின் குமிழ்கள்தான் அவை. குமிழ்ப் பக்கத்தை உள்ளே வைத்து, உள்வரை காயாத பெயிண்டின் மேல் இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். கையில் ஒட்டவில்லை என்பதால் பெயிண்ட் காய்ந்துவிட்டதாக ஆகாது. லேக்கர் ஸ்ப்ரே அரை மணியில் தொடும்படி ஆகிவிடும், ஆனால் கனமாக அடித்தால் அடியில் தின்னர் நாள்கணக்கில் தங்கும். எனாமலுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மூக்கருகே வைத்து முகருங்கள். தின்னர் வாசனை இருந்தால் அது இன்னும் பேக் செய்ய வேண்டிய மாடல் இல்லை.

கதவின் கீழ்ப்பகுதியில் பால் படர்ந்ததுபோல் ஒரு மங்கல் வேறு. மழை பெய்த மாலையில் லேக்கர் அடித்தால் இப்படித்தான் வரும்: தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் காலை பத்து மணிக்குமேல், வெயில் ஏறிய நாளில் அடிக்க வேண்டும். இல்லையேல் காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் கலக்க வேண்டும். அவசர ஆர்டருக்கு இதெல்லாம் பார்க்க நேரமிருக்காது.

கண்ணாடியில் வெள்ளைப் புகை வந்ததற்குக் காரணம் சூப்பர் குளூ. அதன் ஆவி பக்கத்திலுள்ள தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து வெளுக்கும், மூடிய பெட்டிக்குள் இன்னும் மோசம். கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசையோ தெளிவாகக் காயும் மாடல் பசையோ போதும். தொழில் தெரிந்தவர் செய்யும் தவறல்ல இது.

முன் கிரிலைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. புலித்தலைச் சின்னம் ஒட்டியிருந்தார்கள்! புரோட்டோனுக்குப் புலித்தலை வந்தது 2000-இல். முதல் சாகாவில் இருந்தது பிறையும் 14 முனை நட்சத்திரமும். குடும்பம் அனுப்பிய பழைய போட்டோவில் அது தெளிவாகவே தெரிகிறது. போட்டோவை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இனி பேக்கிங். காரின் நான்கு டயருக்கு அடியிலும் இரட்டைப் பக்க ஃபோம் டேப் ஒட்டி அக்ரிலிக் பெட்டியின் அடித்தட்டில் நிறுத்தியிருந்தார்கள். சூட்டில் டேப் விட்டுவிட்டது, கார் உள்ளேயே மோதி இரண்டு சைட் மிரரும் போயிற்று. கூரியர் எவ்வளவு மெதுவாகக் கையாண்டாலும் இது நடந்திருக்கும். சரியான முறை இது: அடித்தட்டின் கீழிருந்து 3 மி.மீ. திருகு இரண்டு, சேஸிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) பதித்த நட்டில் இறங்க வேண்டும். டயர் மென்மையான பிவிசி என்றால், அதிலுள்ள எண்ணெய்ப்பசை அக்ரிலிக்கையும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். எனவே எடை திருகில் நிற்க வேண்டும், டயர் தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அக்ரிலிக் மூடியைத் தனியாகச் சுற்றி அனுப்ப வேண்டும். கார் திருகிய பலகை உள்பெட்டியில் ஆடாமல் பொருந்த வேண்டும், உடலை எதுவும் அழுத்தக் கூடாது. சாகா நாலு மீட்டருக்குச் சற்று மேல். 1:24-இல் சுமார் 17 செ.மீ. அதற்கு 22×12×10 செ.மீ. உள்பெட்டி, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை, 32×22×20 செ.மீ. இரட்டைச் சுவர் வெளிப்பெட்டி. கசக்கிய நாளிதழ் போகப்போக அமுங்கி இடம் விட்டுவிடும், ஃபோம் துண்டுகளே மேல். ஒட்டியபின் பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. திங்கள், செவ்வாயில் அனுப்பினால் வார இறுதியில் கிடங்கில் வேகாது. "உடையும் பொருள்" ஸ்டிக்கரை மட்டும் நம்பி அனுப்புவது வீண்.

இன்னொன்று: பேக்கிங் போதாது என்று தெரிந்தால் கூரியர் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கும். "அவனிடம் கேளுங்கள்" என்ற பதிலின் அர்த்தம், யாரிடமும் எதுவும் கிடைக்காது என்பதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போது 30 விழுக்காட்டுக்குமேல் முன்பணம் கட்டாதீர்கள். பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த நிலையில், ஜன்னல் வெளிச்சத்தில், சாய்த்து எடுத்த போட்டோ கேளுங்கள்; பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பளபளக்கும் இறுதிப் போட்டோ எதையும் மறைக்கும், சாம்பல் நிற பிரைமர் ஒன்றையும் மறைக்காது. அதைப் பார்த்தபின் 40, முடிந்த மாடலைச் சுற்றிக் காட்டும் வீடியோவும் பேக்கிங் வீடியோவும் வந்தபின் மீதி. உடல் என்ன பொருள், கண்ணாடிக்கு என்ன பசை, டயர் என்ன வகை என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். நல்ல கைவினைஞர் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பணம் கட்டும் கணக்கு எண்ணை மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீஸாரின் செமாக் மியூல் தளத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வளைந்த தூணை வெந்நீரில் நேராக்கவோ தழும்பை பாலிஷ் போடவோ வேண்டாம். இழப்பீட்டுக் கோரிக்கை முடியும்வரை மாடலும் பெட்டியும் வந்தபடியே இருக்கட்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது மோசடி: உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-க்கு அழைத்து, போலீஸ் புகாரும் கொடுங்கள். இதுபோல் பொருள் வந்து, தரம் கெட்டிருந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. மனுவுக்கு 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. விற்பவர் வியாபாரமாகச் செய்கிறார் என்பதற்கு அவருடைய விளம்பரங்களையும் விலைப்பட்டியலையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் என்றதும் முதலில் அழிவது அவைதான்.