ஏர்டிராப், குவிக் ஷேர், லோக்கல்சென்ட்: கோப்பு அனுப்ப எது நல்லது?

2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, கோப்பு அனுப்பும் செயலியான ஷேர்இட்டும் அந்தப் பட்டியலில் போனது. அதற்காக எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தை வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டதுதான் வருத்தம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அனுப்பும் கல்யாணப் படங்கள்கூட இணையத்தில் ஊர் சுற்றிவிட்டு வருகின்றன. ஆவணமாக இணைக்காவிட்டால் தரமும் குறைந்துவிடுகிறது.

இணையமே தேவைப்படாத வழிகளில் புளூடூத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வழக்கமான புளூடூத்தின் உச்ச வேகமே நொடிக்கு 3 மெகாபிட்தான். அந்த வேகம் முழுதாகக் கிடைத்தாலும் 1 ஜிபி வீடியோவுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஆப்பிள் சாதனங்கள் மட்டுமே புழங்கும் வீட்டில் ஏர்டிராப்புக்கு நிகர் கிடையாது. அருகில் யார் இருக்கிறார்கள் என்பதைப் புளூடூத்தால் கண்டுபிடித்து, கோப்பை நேரடி வைஃபை இணைப்பில் அனுப்புகிறது. ரவுட்டரும் வேண்டாம், தனிச் செயலியும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் அந்த வேலையைக் குவிக் ஷேர் செய்கிறது. கூகுளின் நியர்பை ஷேரும் சாம்சங்கின் குவிக் ஷேரும் 2024 தொடக்கத்தில் ஒன்றாயின. விண்டோஸுக்கும் செயலி உண்டு.

இரண்டு முகாம்களும் கலந்திருக்கும் வீட்டில்தான் சிக்கல். 2025 நவம்பரில் பிக்சல் 10 கைபேசிகளின் குவிக் ஷேர் ஏர்டிராப்புடன் பேசத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் ஐபோன்காரர் ஒவ்வொரு முறையும் 'எல்லோருக்கும், 10 நிமிடம்' என்ற அமைப்பை இயக்கியாக வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு கைபேசியோடு ஐபேடும் லினக்ஸ் மடிக்கணினியும் இருக்கும் வீட்டுக்கு இது போதாது.

அங்கே என் தேர்வு லோக்கல்சென்ட். இலவசம், விளம்பரமில்லை, மூலநிரல் திறந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். உறுப்பினர் கணக்கும் கேட்காது. திறந்தவுடன் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஏதோ ஒரு பழத்தின் பெயரை ஒட்டிவைக்கும். அந்தப் பெயரைத் தொட்டால் எதிர்முனையில் 'ஏற்கவா' என்று கேட்கும், அவ்வளவுதான். தரவு மறையாக்கத்தோடு வீட்டு வைஃபைக்குள்ளேயே போய்விடுகிறது.

குறை இல்லாமலில்லை. எல்லாச் சாதனங்களும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். எதிர்ச் சாதனம் பட்டியலில் தெரியவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் 'பொது' என்று இருந்தால் 'தனிப்பட்டது' ஆக்குங்கள். ஐபோனில் 'உள்ளூர் நெட்வொர்க்' அனுமதியைக் கொடுங்கள். விடுதி, கல்லூரி வைஃபைகளில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்திருக்கும். அப்போது ஒரு கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றதை அதில் இணைத்தால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டே இதைச் செய்யலாம். கோப்பு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

செயலி நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினிக்கு மட்டும் பேர்டிராப் என்ற இணையதளம். இரு பக்கமும் பிரௌசரில் அந்தத் தளத்தைத் திறந்தால் போதும். ஆனால் பெரிய வீடியோவை அதில் அனுப்பச் சொல்லமாட்டேன்: நடுவில் யாராவது ஒருவர் பக்கத்தை மூடினாலும் பரிமாற்றம் அறுந்துவிடும்.