நாட்பட்ட மைலோயிட் லூக்கீமியா: வன்னியிலிருந்து போகும் மாதிரிக்கு எந்தப் பரிசோதனை?

நாட்பட்ட மைலோயிட் லூக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் தேட வேண்டிய பரம்பரையலகுக் குறிகாட்டி எது என்பதில் ஐயமில்லை. 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் ‘பிசிஆர்-ஏபிஎல்’ (BCR-ABL) என்னும் இணைவுப் பரம்பரையலகே அது. 1960இல் அமெரிக்க ஆய்வாளர்களான நோவெல், ஹங்கர்போர்ட் இருவரும் குறுகிப்போன 22ஆம் நிறமூர்த்தத்தைக் கண்டனர். 1973இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி, இந்தத் துண்டுமாற்றமே அதற்குக் காரணம் என்று விளக்கினார். இணைவின் விளைபொருளைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஐயம் எழுவது தேடும் வழியில்தான். அதுவும் மாதிரி கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கும்போது.

பழைய வழியான நிறமூர்த்தப் பரிசோதனை, பிரியும் நிலையிலுள்ள சுமார் 20 கலங்களை நுணுக்குக்காட்டியில் முழுமையாகப் பார்க்கிறது. நோய் முற்றுவதைக் காட்டும் மேலதிக மாற்றங்களும், உதாரணமாகக் கூடுதலான ஓர் 8ஆம் நிறமூர்த்தமும், இதில் தெரியும். ஆனால் என்புமச்சைக் கலங்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். சித்திரை வெயிலுக்கு அஞ்சிப் இம்மாதிரி எடுக்கும் பச்சை மூடிக் குழாயை (இரத்தம் உறையாதபடி ஹெப்பாரின் என்னும் மருந்து உள்ளது) ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்து அனுப்பினால் கலங்கள் இறந்துவிடும்.

ஒளிரும் அடையாளங்களை ஒட்டவைத்து இணைவைத் தேடும் ஃபிஷ் (FISH) முறைக்குக் கலங்கள் பிரியத் தேவையில்லை. நிறமூர்த்தத்தில் கண்ணுக்குப் புலப்படாத இணைவையும் (நூறு நோயாளரில் ஐவரளவில் இப்படி இருக்கும்) அது பிடிக்கும். எனினும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும்; தேடாத வேறு மாற்றங்களைக் காட்டாது.

வன்னி நோயாளருக்கு நான் முதலிடம் தருவது, இணைவின் ஆர்என்ஏ தடயத்தைப் பலமடங்கு பெருக்கி அளக்கும் பிசிஆர் (PCR) முறைக்கே. கையில் எடுக்கும் சாதாரண இரத்தமே போதும். ஒரு இலட்சம் கலங்களில் ஒன்று நோயுற்றிருந்தாலும் காட்டக்கூடியது. இணைவுப் பரம்பரையலகின் அளவு மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழும், பின்னர் 0.1 சதவீதத்துக்குக் கீழும் இறங்குகிறதா என்று மருந்தின் வேலையை எண்ணால் அளந்து சொல்வதும் இதுதான். இணைவுப் பரம்பரையலகின் பெயரில் முற்பாதியான BCRஉம் தமிழில் ‘பிசிஆர்’ என்றே எழுதப்படுவதால், அறிக்கையை வாசித்துக் காட்டும்போது எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்வது நம் கடமை. குறைகளும் உண்டு: அரிதான இணைவு வடிவங்கள் வழக்கமான பிசிஆருக்குத் தப்பிவிடலாம், ஆர்என்ஏ விரைவாகச் சிதையும் என்பதால் ஊதா மூடிக் குழாய் குளிரூட்டிய நிலையில் ஓரிரு நாளுக்குள் சேர வேண்டும். ஒருமுறை மாங்குளத்துக்கு அப்பாலிருந்து வந்த விவசாயி ஒருவரின் இரத்தம் பச்சை மூடிக் குழாயில் அனுப்பப்பட்டு, அதிலுள்ள ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும் என்று திரும்பிவந்தது. அறுவடை நாளில் அவர் மறுபடியும் பஸ் ஏறி வந்ததை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

பரம்பரையலகு வரிசையறிதல் தொடக்கத்தில் இந்நோய்க்குப் பொதுவாகத் தேவைப்படாது. மாத்திரை பயன் தராதபோது, டி315ஐ (T315I) போன்ற, மருந்துக்கு அடங்காத எதிர்ப்பு விகாரத்தைத் தேடி அடுத்த மருந்தைத் தெரிவுசெய்ய அது உதவும்.

ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை என்புமச்சையில் நிறமூர்த்தப் பரிசோதனையும் இரத்தத்தில் பிசிஆரும்; நிறமூர்த்தத்தில் ஒன்றும் புலப்படாவிட்டால் ஃபிஷ்; பிறகு மூன்று மாதத்துக்கொருமுறை பிசிஆர் மட்டும், அதுவும் எண்களை ஒப்பிட முடியும்படி ஒரே ஆய்வுகூடத்தில். குழாயைத் திங்கள் முதல் புதனுக்குள் எடுத்தனுப்புங்கள். வெள்ளிக்கிழமையோ போயா விடுமுறைக்கு முந்தைய நாளோ எடுத்தால், அது பூட்டிய ஆய்வுகூடத்தின் வாசலில் காத்துக் கிடக்கும்.